தவமணி அக்காவின் விடுபட்ட மைல்கள்

பயணச்சீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் கணினியில் என்னைவிட வேகம். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி நான் ஒரு பயணச்சீட்டுப் போட எடுத்த நேரத்துக்குள் நீங்கள் ஒரு குடும்பத்தையே கனடாவுக்கு அனுப்பிவிடுவீர்கள். ஆகவே எந்தப் பொத்தானை அமத்துவது என்று சொல்ல நான் வரவில்லை. இருபத்தாறு வருடம் வேலணைச் சந்தியில், ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்து பயணச்சீட்டுப் போட்டவள் நான். அந்தக் காலத்தில் விட்ட பிழைகளில் ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். இதைவிடப் பெரிய பிழைகளும் விட்டிருக்கிறேன். ஒரு மாப்பிள்ளையைத் தன் கலியாணத்துக்கு மறுநாள் வந்து இறங்கும்படி அனுப்பப் பார்த்தவள் நான். அதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்வேன். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

பயணச்சீட்டு வேலைக்கு வர முதல் நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருந்தவள். அங்கே எல்லாமே குடும்ப அட்டைதான். வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் அட்டையின் தலையில் ஒரு பெயர், குடும்பத் தலைவரின் பெயர். அரிசியோ மாவோ மண்ணெண்ணெயோ அந்தப் பெயருக்கு எழுதப்பட்டு, வீட்டுக்குப் போய்த்தான் பிரிபடும். ஆறு வருடம் அப்படி எழுதிய கை இது. அந்தக் கையோடுதான் இந்த மேசைக்கு வந்தேன்.

விமான நிறுவனங்கள் தங்களோடு அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கொடுக்கும். பறந்த தூரத்துக்கு ஏற்ப அது சேரும். போதிய அளவு சேர்ந்தால் ஒரு பயணச்சீட்டு இனாமாக எடுக்கலாம். அந்த நிறுவனத்தின் கூட்டாளி நிறுவனங்களில் பறந்தாலும் சேரும். அதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினர் இலக்கமும், அது அச்சிட்ட ஒரு அட்டையும் உண்டு; நாங்கள் ‘காட்’ என்போம். புருஷனும் பெண்சாதியுமாக வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? ‘அண்ணை, உங்கடை காட்டைத் தாங்கோ’ என்று அவரிடம் வாங்கி, அந்த ஒரே இலக்கத்தை இரண்டு பயணச்சீட்டிலும் அடித்துவிடுவேன். வீட்டுக்கு ஒரு அட்டை போதும் என்று என் மண்டையில் இருந்தது. அடிக்கும்போது கணினி வாய் திறக்காது. ஆனால் பறந்தவர் ஒருவர், இலக்கம் இன்னொருவருடையது என்றால் அந்த மைல் ஒருவருக்கும் சேராது. ஒருவரும் வந்து கேட்கவும் இல்லை. கேட்காததால் நான் சரியாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை தவமணி அக்கா வந்தா. புங்குடுதீவுக்காரி, அப்போது அறுபத்தெட்டு வயது இருக்கும். புருஷன் கனகரத்தினம் அண்ணை. தெற்கே ஒரு பட்டணத்தில் நெடுங்காலம் கடை வைத்திருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு வந்து இருப்பவர். பிள்ளைகள் மூன்று பேரும் ரொறன்ரோவில். புருஷனும் பெண்சாதியும் அவர்களிடம் போன இரண்டு தடவையும் நான்தான் பயணச்சீட்டுப் போட்டேன். ஆனால் அக்கா தனியாக என் மாடிப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, கதிரையில் இருந்து, மூச்சு வாங்கிய பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினா.

“தங்கச்சி, இதை ஒருக்காப் பாரும். என்ரை மைல். கனடாவிலை இருக்கிற மருமகள் போனுக்கு அனுப்பினவ. லண்டன் வரைக்கும் போனது கிடக்குது. கனடாவிலை இருந்து திரும்பி வந்ததும் கிடக்குது. லண்டனிலை ஏறிக் கனடாவுக்குப் போனது மட்டும் இல்லை.”

பார்த்தேன். உண்மைதான். அந்த முறை அவர்கள் கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஒரு நிறுவனத்திலும், லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு அதன் கூட்டாளி நிறுவனத்திலும் போனார்கள். திரும்பி வந்தது முதல் நிறுவனத்திலேயே, வேறு வழியாக.

“அது இல்லாட்டி என்ன அக்கா? பிறகு ஒருக்காப் போகேக்கை சேர்ந்திடும்தானே” என்றேன். இந்த வார்த்தையை நீங்கள் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். ஒருவர் எதற்காக ஏறி வந்தார் என்று கேட்பதற்கு முதல் ஆறுதல் சொல்வது நம் தொழிலில் ஒரு வியாதி.

“பிறகு எண்டு ஒண்டு இல்லை” என்றா அக்கா. “தம்பிக்கு ஈரலிலை புற்றுநோயாம். லண்டனிலை. டொக்டர்மார் இன்னும் ரண்டு மூண்டு மாசம் எண்டு சொல்லிப்போட்டினம்.”

அந்தத் தம்பிக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டா. அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். பிறகு அவர் அத்தான் கனகரத்தினம் அண்ணையோடு சேர்ந்து கடையில் நின்றார். கடையைப் பூட்ட வேண்டிவந்த காலத்தில் மைத்துனர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. யாரில் சரி, யாரில் பிழை என்று எனக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. கனகரத்தினம் அண்ணை நயினாதீவு அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினாராம். தன் கையால் ஒரு சதம் அவன் வீட்டுக்குப் போகிறதுக்குச் செலவழியாது, அவனுடைய ஒரு சதம் தன் வாசலுக்கு வராது என்று. அது நடந்து முப்பது வருடத்துக்கு மேல்.

“பிள்ளையளைக் கேட்டால் போடுவினம்தானே?”

“பிள்ளையளின்ரை காசு அவரின்ரை காசுதான். தம்பியின்ரை மகள் போன கிழமை அழுதவள், ‘மாமி, நான் ரிக்கற் போடுறன், வாங்கோ, அப்பா உங்களைத்தான் கேக்கிறார்’ எண்டு. அது தம்பியின்ரை காசு. ரண்டும் ஏலாது தங்கச்சி. அவர் செய்த சத்தியத்தை நான் முறிச்சால் அது அவரிலைதான் விழும். அவருக்கும் நெஞ்சிலை வருத்தம் இருக்கு.” போனைத் தட்டிக் காட்டிச் சொன்னா: “மைல் ஆரின்ரையும் காசில்லையே. அது நான் இருந்து பறந்தது.”

முப்பது வருடத்துச் சத்தியத்தை ஒருவருக்கும் நோகாமல் தாண்டிப் போக ஒரு வழியை இந்த மனுசி தனியாக இருந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறா. லண்டன் விசா கடவுச்சீட்டில் இருந்தது. முதல் முறை லண்டன் வழியாகக் கனடா போகவென்று எடுத்த நீண்டகால விசா, முடிய நாலு மாதம் கிடந்தது. மைலும் இருந்தது. அந்த ஒரு பறப்பின் மைல் சேர்ந்தால் லண்டன் போய் வரக் காணும். சேராவிட்டால் காணாது. அவ்வளவுதான்.

“போன முறை லண்டனிலை ஆறு மணித்தியாலம் இருந்தம்” என்றா. “தம்பியின்ரை வீடு முக்கால் மணித்தியாலத் தூரமாம். அவர் பக்கத்திலை பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியாலை வெளியிலை பாத்துக்கொண்டிருந்தனான்.”

அக்கா இதைச் சொல்லும்போதே நான் பழைய பதிவைத் திறந்துவிட்டேன். ரொறன்ரோ பறப்பில், தவமணி அக்காவின் பெயருக்கு நேரே, கனகரத்தினம் அண்ணையின் இலக்கம். அடித்தது நான். கொழும்பு விமான நிலையத்தில் இருந்த பெண் அக்காவின் காட்டைப் பார்த்துத் தங்கள் பறப்புகளுக்கு மட்டும் இலக்கத்தைத் திருத்தியிருக்கிறாள். கூட்டாளி நிறுவனத்தின் பறப்பில் என் கைவேலை அப்படியே இருந்தது. நினைவும் வந்தது. பயணச்சீட்டுப் போட்ட அன்று இதே கதிரையில் இருந்து அக்கா தன் காட்டையும் எடுத்து நீட்டினா. ‘அண்ணையின்ரை இருக்குது அக்கா, அது காணும்’ என்று சொல்லி நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அது அவையின்ரை பிழை அக்கா. அந்தக் கொம்பனி விபரம் அனுப்ப மறந்திருக்கும்.”

“உமக்கும் கரைச்சல் தாறன் தங்கச்சி. குறை நினையாதையும்” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கிப் போனா. என் பிழைக்காக அவ என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறா. நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவள் என்று என்னை நானே ஏசிக்கொண்டதைத் தவிர அன்றைக்கு வேறொன்றும் செய்யவில்லை.

கூட்டாளி நிறுவனத்துப் பறப்பின் மைல் விடுபட்டால் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், பத்து நாள் இருந்தது. பயணச்சீட்டு இலக்கத்தை மட்டும் வைத்து அன்றே விண்ணப்பம் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பறப்பில் வேறொரு உறுப்பினரின் இலக்கம் பதிவாகியிருக்கிறது, ஆகவே பயணி தானே பறந்தார் என்பதற்கு போடிங் பாஸின் பிரதி வேண்டும். விமானத்தில் ஏறும்போது கிழித்துத் தருவார்களே, அந்தத் துண்டு. இப்போது எல்லாம் போனில் வருகிறது. அப்போது தாள்தான்.

அக்காவை வரச்சொல்லிக் கேட்டேன்.

“கிடக்குது. அவர் கம்பியிலை குத்தி வைச்சிருக்கிறார்.”

கடைக்காரர்களின் வீட்டுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும், அடியில் ஒரு வட்டப் பலகை. வருகிற தாளெல்லாம் அதில் ஏறும். கரண்டு பில், மருந்துச் சிட்டை, கோயில் பற்றுச்சீட்டு, எல்லாம் வந்த ஒழுங்கில். கனகரத்தினம் அண்ணை கடையை விட்டு வந்தாலும் கம்பியை விடவில்லை. எதையும் எறிய மாட்டார். அந்தக் குணத்துக்கு நான் அன்றைக்கு மனதுக்குள் கும்பிட்டேன்.

“அப்ப அண்ணையிட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“கேக்கேலாது. கேட்டால் எதுக்கு எண்டு கேப்பார். சொன்னால் ‘வேண்டாம்’ எண்டிடுவார். அவர் வேண்டாம் எண்டு வாயாலை சொல்லிப்போட்டால் பிறகு நான் போகமாட்டன். கேக்காமல் இருந்தால்தான் போகலாம்.”

“அப்ப அவர் சந்தைக்குப் போற நேரம் பாத்துக் கழட்டிக்கொண்டு வாங்கோ” என்றேன்.

முதல் பிழை பழக்க தோஷம். இது அப்படி இல்லை. என் பிழையைத் திருத்துவதற்கு ஒரு வயதான பெண்ணை அவளுடைய வீட்டிலேயே களவெடுக்க அனுப்பினேன். பதற்றத்தில் இருக்கும்போது எது கிட்ட இருக்கிறதோ அதுதான் வழி என்று தோன்றும். ஏழு நாள் இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, யாரை எதற்குள் தள்ளுகிறேன் என்று எண்ணவில்லை.

அடுத்த நாளே அக்கா வந்தா. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்த துண்டை மேசையில் வைத்தா. மேலே இருந்த தாளையெல்லாம் கழற்ற நேரம் இல்லாமல் பக்கவாட்டில் பிடித்து இழுத்திருக்கிறா. ஒரு ஓரம் கிழிந்திருந்தது. நான் பெயரைப் பார்த்தேன். கனகரத்தினம் அண்ணையின் பெயர்.

“அக்கா, இது அண்ணையின்ரை.”

“ரண்டும் ஒரே மாதிரிக் கிடந்தது. இங்கிலிஷிலை எனக்கு என்ன விளங்கும் தங்கச்சி? விமானம் கீறிக் கிடந்ததைப் பாத்து இழுத்தனான்.” அக்காவின் கண் நிறைந்துவிட்டது. “இனி அவர் கண்டிடுவார். கிழிஞ்ச துண்டு கம்பியிலை கிடக்கும்.”

மறுநாள் காலை முதல் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் அப்போதுதான் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன். படியில் இரண்டு பேரின் காலடி. முன்னால் கனகரத்தினம் அண்ணை, கையில் ஒரு சீலைப் பை. பின்னால் தவமணி அக்கா, நிலத்தைப் பார்த்தபடி. நான் இருக்கச் சொல்லும்வரை அண்ணை காத்திருக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்து, பைக்குள்ளிருந்து அந்தக் கம்பியை முழுதாக எடுத்து என் மேசையில் வைத்தார். புங்குடுதீவிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார்.

“பிள்ளை, இதிலை இருந்த என்ரை துண்டு எங்கை? இவளைக் கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. உம்மட்டைத்தான் ரண்டு நாளாய்ப் போய் வாறாள் எண்டு பஸ்காரன் சொன்னவன்.”

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். என் வாய்க்குள் நாலு பொய் தயாராக நின்றது. நிறுவனம் சரிபார்க்கக் கேட்டது, உங்களுக்குத்தான் மைல் குறைகிறது, அப்படி ஏதாவது. அண்ணை நம்பியிருப்பார். கம்பியிலிருந்து மற்றத் துண்டையும் கழற்றித் தந்திருப்பார். வேலை முடிந்திருக்கும். மறுபக்கம், முழு உண்மையையும் போட்டு உடைத்தால் அது அக்காவின் இரகசியம். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் அக்காவைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. இதில் என்னுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் பிழை. அதை நான் சொல்லலாம்.

“அண்ணை, துண்டு என்னட்டைத்தான் கிடக்குது. பிழை என்ரை. போன முறை ரிக்கற் போடேக்கை அக்காவின்ரை பேருக்கு உங்கடை இலக்கத்தை அடிச்சுப்போட்டன். அதாலை அக்காவுக்குச் சேர வேண்டிய மைல் சேரேல்லை. அதைக் கேட்டெடுக்க அக்காவின்ரை துண்டு வேணும். உங்களிட்டைக் கேக்காமல் எடுக்கச் சொன்னதும் நான்தான்.”

அண்ணைக்கு முதல் பேசியது அக்கா.

“அண்டைக்கு நான் என்ரை காட்டைக் காட்டினனான்தானே” என்றா.

கோபமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்துகிற மாதிரிச் சொன்னா. கொம்பனியின் பிழை என்று முதல் நாள் நான் சொன்ன பொய்யும் அந்த நிமிடத்தில் அவவுக்கு விளங்கிவிட்டது. “ஓம் அக்கா, காட்டினீங்கள். நான்தான் வேண்டாம் எண்டனான்” என்றேன். என் வேலைக்காலம் முழுவதிலும் ஒரு பயணியின் முகத்தைப் பார்க்க நான் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

“சரி, மைல் எதுக்கு?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“அதை நான் சொல்லேலாது அண்ணை.”

கீழே இரும்புக்கடையில் யாரோ தகரம் இறக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு அக்கா வாய் திறந்தா.

“தம்பியைப் பாக்க.”

அண்ணை திரும்பவில்லை. மேசையில் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தியம் ஒண்டு கிடக்குது” என்றார்.

“தெரியும். நானும் பக்கத்திலைதான் நிண்டனான். உங்கடை காசு ஒரு சதம் இல்லை. அவன்ரை காசும் ஒரு சதம் இல்லை. எட்டு மணித்தியாலம் கால் வீங்க வீங்க இருந்து நான் பறந்தது.” சொல்லி முடிக்க அக்காவுக்கு மூச்சு முட்டியது. “அவன் என்னைக் கேக்கிறானாம்.”

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அக்காவும் அதற்குத்தான் காத்திருந்தா. ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டார். பிறகு கம்பியைத் தன் பக்கம் இழுத்து, மேலே இருந்த தாளை மெதுவாகக் கழற்றி என் மேசையில் வைத்தார். பிறகு அடுத்தது. ஆறு மாதத்துத் தாள்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒழுங்கு குலையாமல் கவிழ்த்து வைத்தார். நான் உதவிக்குக் கை நீட்டியபோது ‘விடும்’ என்றார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. கடைசியில் அந்தத் துண்டு வந்தது. நடுவில் ஒரு ஓட்டை, மற்றபடி புதிதுபோல. பெயரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

“இது அவளின்ரை” என்று என்னிடம் தந்தார். சரி என்றோ பிழை என்றோ சொல்லவில்லை. தாள்களைத் திரும்பக் கம்பியில் ஏற்றினார். இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்கள்.

எனக்குப் போராட்டம் அதோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த என் மேலாளருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். துண்டோடு அனுப்புகிற கடிதத்தில், பயணி தன் இலக்கத்தைத் தர மறந்துவிட்டார் என்று எழுதச் சொன்னார். முகவர் பிழை என்று எழுதினால் நமக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

“அவ மறக்கேல்லை. காட்டினவ. நான்தான் வேண்டாம் எண்டனான்” என்றேன்.

“உமக்கென்ன விசரோ? ஆர் உம்மட்டைச் சாட்சி கேட்டது?”

“எழுதிப்போட்டன் சேர். அனுப்பவும் போறன். பிறகு என்னை ஏசுங்கோ.”

ஏசினார். ஒரு வருடம் எனக்குச் சம்பள உயர்வும் வரவில்லை. அதை இங்கே வீரமாகச் சொல்லவில்லை. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுசி முந்தானைக்குள் துண்டை ஒளித்துக்கொண்டு வந்திருக்கத் தேவையில்லை. என் கடிதத்தில் இருந்த துணிவு ஒரு கிழமை பிந்தி வந்த துணிவு.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, பின்னேரம் நாலு மணிக்கு, அக்காவின் கணக்கைத் திறந்து பார்த்தேன். மைல் ஏறியிருந்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கீழே இருந்து இரும்புக்கடைக்காரர் ஏதோ கேட்டு மேலே வந்து, என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். மைலில் எடுக்கிற இருக்கை எல்லா நாளும் கிடைக்காது. அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று இருந்தது, திரும்பி வர மூன்று கிழமைக்குப் பிறகு ஒன்று. மைலில் எடுத்தாலும் வரி கட்ட வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தா. “ரண்டு ஆடு நிக்குது. அது என்ரை. அவர் அதுகளுக்கு ஒரு குழை வெட்டிப் போட்டதில்லை” என்றா. ஆடு விற்ற காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து தந்தா. போய்ச் சேர்ந்து, தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என்னோடு போனில் பேசினா. ‘ஆளைத் தெரியேல்லைத் தங்கச்சி, அவ்வளவு மெலிவு. ஆனால் என்னைத் தெரிஞ்சுகொண்டவன்’ என்றா. அவ்வளவும் சொல்லிவிட்டுச் சோறு கரைத்துத் தீத்தப் போய்விட்டா.

நான் அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை ஒரு குடும்பம் வந்தால், பின்னால் நிற்கிற பெண்ணையும் முன்னால் கூப்பிட்டு இருத்தி, அவளுடைய இலக்கத்தை அவளிடமே கேட்டுத்தான் அடிப்பேன். சில புருஷன்மாருக்கு அது பிடிக்காது. ‘ஒண்டாய்ப் போடுமன் பிள்ளை’ என்பார்கள். ‘தனித்தனியாத்தான் பறக்கிறியள் அண்ணை’ என்று சொல்லுவேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பயணி எதற்காகப் போகிறார் என்று பயணச்சீட்டில் ஓரிடத்திலும் எழுதியிருக்காது. அதனால் எல்லாப் பயணத்தையும் அவசியமான பயணம் என்றே நினைத்து வேலை செய்யுங்கள்.

அக்கா போய்ப் பதினேழாவது நாள் கனகரத்தினம் அண்ணை தனியாக வந்தார். சவரம் செய்யாத முகம். கதிரையில் வந்து இருந்தார்.

“அவளின்ரை தம்பி முந்தநாள் மோசம் போயிட்டார்” என்றார்.

“ஐயோ அண்ணை.”

“அவள் பக்கத்திலைதான் இருந்தவளாம். ரிக்கற்றிலை திரும்பி வாற நாள் வாற செவ்வாய்க்கிழமை. அதை மாத்தேலுமோ?”

“ஏலும். மாத்துறதுக்கு ஒரு கட்டணம் இருக்கு.”

அண்ணை சேட்டுப் பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

“அண்ணை, சத்தியம்?”

“சத்தியம் அங்கை போறதுக்குத்தான் பிள்ளை. இது இஞ்சை வாறதுக்கு.”

நான் காசை எடுத்தேன். எந்த நாளுக்குப் போடுவது என்று கேட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முப்பத்தோராம் நாள் காரியம் முடிச்சுக்கொண்டு வாறமாதிரிப் போடும்” என்றார். “அவள்தானே அவனுக்குத் தாய்.”

நான் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து நாளை எண்ணத் தொடங்கினேன். அவரும் கிட்ட வந்து, விரல் வைத்து, என்னோடு சேர்ந்து எண்ணினார்.